கொக்கித் தராசு

முதல் வேலை எடை போடுவதுதான் என்றார்கள்.
பங்கார் கடை இத்ரீசிடம்
ஒரு கொக்கித் தராசு இரவல் வாங்கி வந்தேன்.
பிரதீக்ஷா நகர், நாலாவது மாடி,
இருநூற்று இருபத்தைந்து சதுர அடி,
மூன்று பேர், ஒரு ஜன்னல்.
ஏழு நாள் குப்பை: நாலு கிலோ நூறு.

பழைய பேப்பர் விரித்து
சமையல் மேடைக்கு முன்னால் கொட்டினேன்.
ஈரம் ஒரு பக்கம், காய்ந்தது ஒரு பக்கம்,
இரண்டிலும் சேராதது மூன்றாவது.

வாழைப்பழத் தோல், முருங்கைச் சக்கை,
வடிகட்டிய டீத்தூள், நெத்திலித் தலை.
இவற்றுக்குப் பெயிண்ட் வாளி இருக்கிறது.
திருப்புளியைப் பழுக்கக் காய்ச்சி
பதினாறு ஓட்டை போட்டிருக்கிறேன்.
பால் கவர் பதினாலு.
கழுவிக் கொடியில் மாட்டினால்
சாக்ஸுக்குப் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம் வந்தது
நாலாய்க் கிழித்த ஒரு லேப் ரசீது.
சேர்த்து வைத்துப் பார்த்தேன்.
எபனேசர், வயது ஐம்பத்தொன்று.
சர்க்கரை அளவு இருந்த இடத்தில்
ரசத்துத் தக்காளித் தோல்.
'எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்' என்று
முந்தாநாள்தான் நெஞ்சில் தட்டிக் காட்டினார்.

கசக்கி உருட்டிய ரயில் டிக்கெட் ஒன்று.
குர்லாவிலிருந்து பன்வேல், போக வர, புதன்கிழமை.
புதன்கிழமை பெனிட்டாவுக்கு
ஆறு மணி வரை பிராக்டிகல்.
பன்வேலில் எங்களுக்கு யாரும் இல்லை.

அஞ்சு ரூபாய் சாக்லேட் தாள் எட்டு,
சின்னதாய் மடித்து
வெங்காயச் சருகுக்குள் செருகியிருந்தது.
யாரென்று யோசிக்கவில்லை.
அந்த மடிப்பு என் மடிப்பு.

பதினெட்டு வருஷம் இந்த அறையில்
ஒருவர் உடுப்பு மாற்றினால்
மற்ற இருவரும் சுவரைப் பார்ப்போம்.
மோரிக்குக்கூடத் திரைதான்.
கதவு வைத்த இடமென்று ஒன்றுதான் இருந்திருக்கிறது,
மேடைக்கடியில், நீல மூடி போட்டு.
அதைத்தான் நான்
சைபர் ஆக்கக் கிளம்பியிருக்கிறேன்.

ரசீதையும் டிக்கெட்டையும்
காகிதம் என்று காய்ந்ததில் சேர்ப்பதா,
கறை பட்டது என்று மூன்றாவதிலா,
சட்டம் தெரியாமல்
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

ஆடி மழையில் வாளி புழுத்தது.
எதிர்வீட்டுக் காம்ப்ளே அக்கா
மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து
செக்ரட்டரியிடம் சொல்லிவிடுவேன் என்றாள்.
போகும்போது அவளே
காய்ந்த தேங்காய் நாரைப் போட்டுக் கிளறச் சொன்னாள்.
எபனேசர் மீன் வாங்கத் தூக்குச்சட்டி கொண்டு போனார்,
முதல் வாரம் பைக்குள் மறைத்து,
பிறகு கையை வீசிக்கொண்டு.
அவர் டீயில் அரைக்கரண்டி சர்க்கரை குறைத்தேன்.
கண்டுபிடித்தார். கேட்கவில்லை.
பெனிட்டா துணி நாப்கின் தைத்தாள்.
எங்கே காயப்போடுவது என்று
மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தோம்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.
மறுநாள் அவர்
இரண்டாவது கொடி கட்டினார், உயரமாய்,
போர்வைகளுக்குப் பின்னால்.

அன்று சாயந்தரம்
மூன்று வாளிகளுக்குப் பக்கத்தில்
ஒரு பிஸ்கட் டின் வைத்தேன்.
பேர் எழுதி ஒட்டவில்லை.
சோறு போடும்போது சொன்னேன்:
இதை மட்டும் நான் பிரிக்க மாட்டேன்.
நிறைந்தால் அப்படியே கொடுத்துவிடுவேன்.
ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.
அவள் தட்டைப் பார்த்தாள்.
அவரும் தட்டைப் பார்த்தார்.
வெண்டைக்காய் நன்றாயிருக்கிறது என்றார்,
அது கத்தரிக்காய்.

நடு ராத்திரி
மூடி திறக்கும் சத்தம் கேட்டது.
தகர மூடி, மெல்லத் திறக்கத் தெரியாது அதற்கு.
நான் சுவர்ப் பக்கமாகத்தான் படுத்திருந்தேன்.
திரும்பவில்லை.

காலை ஏழுக்குக் கண்டாகாடி மணியடித்தது.
தராசை ஆணியில் மாட்டினேன்.
இந்த வாரம்: முந்நூற்றுப் பத்து கிராம்.
டின்னை எடை போடவில்லை.